ஆத்தாம ஒரு டீ

மதுரையில் எந்த டீக்கடை முன்னாலும் கால் மணி நேரம் நின்றால் போதும், இந்த ஆர்டர்கள் எல்லாம் காதில் விழுந்துவிடும். "மாஸ்டர், லைட்டா ஒன்னு." "சக்கரை கம்மியா ரெண்டு." "அண்ணே, ஸ்ட்ராங்கா, ஆத்தாம ஒன்னு." முதல் இரண்டும் ருசி சம்பந்தப்பட்டவை. மூன்றாவது அப்படியில்லை. மாஸ்டர் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்கிற ஒரு வேலையை எனக்குச் செய்யாதே என்கிறது அது. அந்த வேலை குடிக்கிறவரின் நாக்குக்காகச் செய்யப்படுவது.

ஆற்றுதல் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்கலாம். சூட்டைத் தணிப்பது ஆற்றுதல். பணி ஆற்றுகிறோம், கடமை ஆற்றுகிறோம். பசியை ஆற்றுகிறோம், அழுகிறவரை ஆற்றுகிறோம். இவையெல்லாம் ஒரே வேரா, வேறு வேறா என்பது அகராதிக்காரர்களின் பாடு. டீ மாஸ்டர் கையைத் தலைக்கு மேல் தூக்கி, குவளையிலிருந்து கிளாசுக்கு ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஊற்றும்போது இத்தனை அர்த்தங்களும் அந்த ஒரே அசைவில் இருப்பதாக எனக்குத் தோன்றும். சக்கரை கரைகிறது, நுரை கட்டுகிறது, டிகாஷனும் பாலும் கலக்கின்றன. இவற்றோடு, கொதிநிலையை ஒட்டி இருந்த பால் மெல்லிய தாரையாகக் காற்றில் விழுந்து விழுந்து, வாயில் வைக்கிற சூட்டுக்கு வருகிறது. தெர்மாமீட்டர் கிடையாது. கிளாசைப் பிடித்திருக்கிற இடது கைதான் அளவுகோல்.

ஏன் ஆத்தாமல் கேட்கிறார்கள்? சும்மா வீம்பு என்று தள்ளிவிட முடியாது. சூடு என்பது இங்கே ஒரு சான்று. இப்போதுதான் போட்டது, மிஞ்சியதைச் சுட வைத்ததில்லை என்பதற்குச் சான்று. கிளாசை எந்த வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு, கொதிக்கிற டீ அந்த அழுக்கைக் கொன்றுவிடும் என்றொரு நம்பிக்கை. அப்புறம், கொடுத்த காசுக்கு அது கூடுதல் நேரம் நிற்கும். மாட்டுத்தாவணியில் விடியக்காலை மூட்டை இறக்குகிறவர் டீயைக் குடிப்பது தாகத்துக்கு இல்லை, அடுத்த சாப்பாடு வரை தள்ளுவதற்கு. ஆறிய டீ அதைச் செய்யாது, சுருக்கென்று உள்ளே இறங்கினால்தான் செய்யும். "என்னண்ணே, ஆறிப்போச்சு" என்று கிளாசைத் திருப்பி வைக்கிறவரின் குரலில் ஏமாற்றப்பட்டவரின் கோபம் இருப்பது இதனால்தான்.

சூட்டைக் கேட்பவருக்கு நியாயம் இருக்கிறது. அதைக் கொடுப்பவருக்கு என்ன பொறுப்பு?

*

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பிரான்சின் லியோன் நகரத்தில் இருக்கிறது. 2016ல் அது காபியையும் சூடான பானங்களையும் மறுபடி பரிசீலித்தது. காபியின் மேல் இருந்த பழைய சந்தேகத்தை விலக்கிக்கொண்டது. அதே கையோடு, 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக எதைக் குடித்தாலும் அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. உணவுக்குழாய்ப் புற்று. குற்றவாளி காபியோ டீயோ அல்ல, சூடுதான். 2019ல் ஈரானின் கோலஸ்தான் பகுதியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. சுமார் 50,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. 60 டிகிரியும் அதற்கு மேலும் சூடான டீயை நாளுக்கு 700 மில்லிக்குக் குறையாமல் குடிக்கிறவர்களுக்கு, அதைவிடக் குறைவாகவும் ஆறியதாகவும் குடிக்கிறவர்களைக் காட்டிலும் அந்தப் புற்றின் ஆபத்து 90 சதவீதம் கூடுதல் என்று கண்டது. நம் டீக்கடை கிளாசில் 700 மில்லி என்றால் ஏழெட்டு டீ வரும். ஒரு ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவருக்கு அது பெரிய எண்ணிக்கை இல்லை.

தோல் சுடுவது இன்னும் நேரடியான கணக்கு. 60 டிகிரித் தண்ணீர் பெரியவர் ஒருவரின் தோலில் ஏறத்தாழ ஐந்து விநாடி நின்றால் ஆழமான புண். 68 டிகிரிக்கு ஒரு விநாடி போதும். குழந்தைகளின் தோல் மெல்லியது, அவர்களுக்கு இன்னும் குறைவான நேரம். ருசிக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் எந்தச் சூட்டில் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் இரண்டு பேர் கணக்குப் போட்டு 2008ல் எழுதினார்கள். விடை 58 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே வந்தது. நம் மாஸ்டரின் இடது கை இதையெல்லாம் படிக்காமலே சொல்லிக்கொண்டிருந்தது. கிளாசைப் பிடிக்க முடியவில்லை என்றால் வாயிலும் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

பேப்பர் கப் வந்து கெடுத்தது இந்த அறிவைத்தான். கிளாஸ் முதலில் கையைச் சுடும், அப்புறம்தான் நாக்கை. கை சுட்டதும் நாம் ஊதுவோம், பெஞ்சில் வைப்போம், துண்டின் முனையால் பிடிப்போம். டபரா செட் இன்னும் ஒரு படி மேலே. ஆற்றுகிற வேலையைக் குடிக்கிறவரின் கையிலேயே கொடுத்துவிடுகிறது. உனக்கு எவ்வளவு வேணுமோ நீயே ஆத்திக்கோ. சூட்டைப் பற்றிய தர்க்கத்தை எல்லாம் முடித்துவைக்கிற ஏற்பாடு அது. பேப்பர் கப்பில் ஆற்றவும் இடமில்லை, எச்சரிக்கையும் குறைவு. 2020ல் கரக்பூர் ஐஐடியில் செய்த ஆய்வு, சூடான பானம் 15 நிமிடம் பேப்பர் கப்பில் இருந்தால் 100 மில்லிக்கு ஏறத்தாழ 25,000 நுண் ப்ளாஸ்டிக் துகள்கள் கரைந்து இறங்குவதாகச் சொன்னது. அது வேறு விசாரம், ஆனால் அதே கப்.

*

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859ல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலில் ஒரு பாலம் வருகிறது. இடிந்துவிழும் என்று உறுதியாகத் தெரிந்த பாலத்தில் ஒருவர் காலெடுத்து வைக்கப் போகிறார், கூப்பிட்டுச் சொல்ல நேரமில்லை. அவரைப் பிடித்து இழுத்தால் அவருடைய சுதந்திரத்தில் கை வைத்ததாகாது, ஏனென்றால் அவர் கடக்கத்தான் ஆசைப்பட்டார், விழுவதற்கு அல்ல. ஆனால் ஆபத்து உறுதியில்லை, வெறும் சாத்தியம் என்றால், எச்சரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். முடிவு அவருடையது. இதற்கு மில் விலக்கும் வைக்கிறார். குழந்தை, சித்தம் கலங்கியவர், வேறு எதிலோ மூழ்கி யோசிக்கும் நிலையில் இல்லாதவர்.

டீக்கடைக்கு இதைக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இருபது வருடமாக ஆத்தாமல் குடிக்கிறவர் அந்தப் பாலத்தைப் பலகை பலகையாக அறிந்தவர். உதட்டோரத்தில் வைத்துக் காற்றோடு சேர்த்து உறிஞ்சுகிற வித்தை அவருக்குத் தெரியும். அவர் வாய், அவர் தொண்டை. "சூடா இருக்குண்ணே, பாத்து" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மாஸ்டர் கொடுக்கலாம். லியோனில் என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரிந்தால் அதையும் சொல்லலாம். மறுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. இந்தப் பாலத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, ஒரே நாளில் இடியாது, இருபது வருடமாக மெல்ல மெல்ல இடியும். அதற்காக ஒவ்வொரு கிளாசுக்கும் மாஸ்டரைக் காவல்காரராக்க முடியாது. அப்படிப் பார்த்தால் சக்கரையையும் வடையையும் அவர்தான் மறுக்க வேண்டும்.

மில்லின் விலக்குகள்தான் எனக்கு டீக்கடையை அதிகம் ஞாபகப்படுத்துகின்றன. காதில் போனை இடுக்கிக்கொண்டு, பார்க்காமல் கையை நீட்டுகிறவர் மூழ்கியிருப்பவர். அவர் ஆத்தாமல் கேட்டிருந்தாலும் கிளாசை அவர் கையில் கொடுக்கக் கூடாது, பெஞ்சில் வைக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு டாஸ்மாக் சாத்திய பிறகு வந்து, தெளிவதற்காக "கொதிக்கக் கொதிக்க ஒன்னு போடுப்பா" என்கிறவர் இன்னொரு விதம். மதுரை தூங்காத ஊர் என்பதால் இவரும் தூங்காமல் வருவார். இவருக்கு மாஸ்டர் நாலு தடவை ஆற்றித்தான் கொடுக்கிறார். கேட்டதைக் கொடுக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது, கேட்டவர் அந்த நேரத்தில் முழுதாக அங்கே இல்லை.

இங்கே ஒரு பொய்யும் உண்டு. சில மாஸ்டர்கள் தெளிவான ஆளுக்கே இதைச் செய்வார்கள். கவுண்டருக்குக் கீழே, கண்ணில் படாமல் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "ஆத்தலண்ணே, அப்படியே குடுத்தேன்" என்பார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனாலும் எனக்கு இது உறுத்துகிறது. குடிகாரருக்குச் செய்வதைத் தெளிந்தவருக்கும் செய்வது, இரண்டு பேரையும் ஒரே கணக்கில் வைப்பது. ஒருவர் தவறான முடிவெடுக்கிறார் என்றால் அதை அவரிடம் சொல்லலாம், வாதாடலாம். அவருக்குத் தெரியாமல் முடிவை மாற்றிவைப்பதில் அவரைச் சின்னப் பையனாக நடத்துகிற ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரு டீக்கு இத்தனை யோசிக்க வேண்டுமா என்று கேட்கலாம். நாக்கு சுடாமல் தப்பித்தவரைக் கேட்டால் அவரும் அப்படித்தான் சொல்வார்.

*

இதுவரை பேசியது கேட்டவரே குடிக்கிற டீ. பார்சல் என்று வந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது.

கோரிப்பாளையத்தில் பனகல் சாலையில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. மதுரை மட்டுமல்ல, சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகளை அங்கேதான் கொண்டுவருகிறார்கள். ஒரு நோயாளிக்குத் துணையாக இரண்டு பேர் என்றாலும் விடியக்காலையில் டீக்கடைகளுக்கு எவ்வளவு கூட்டம் என்று யோசித்துப் பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தோ மேலூர்ப் பக்கத்திலிருந்தோ ராத்திரியே வந்து, வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்து, எழுந்து வருகிறவர்கள். கையில் பாத்திரம் இருக்காது. "நாலு டீ, கவர்லயே கட்டிக் குடுங்க தம்பி." "பால் ஒரு அரை லிட்டர், நல்லாக் கொதிக்க வச்சு." "பச்சப் புள்ளைக்கு வெந்நி வேணும், சூடா." வார்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஆறிவிடக் கூடாது என்பதால் எல்லாமே கொதிக்கக் கொதிக்க வேண்டும். ஆத்தாமல் கேட்பதற்கு இதைவிட நியாயமான காரணம் இருக்க முடியாது.

அந்தச் சூடு இனி போகிற வழியைப் பாருங்கள். மெல்லிய ப்ளாஸ்டிக் பையில், வாயை முறுக்கி நூல் கட்டி, விரலில் தொங்குகிறது. ரோட்டைக் கடக்கிறது. படிக்கட்டு ஏறுகிறது. கட்டிலோரத்தில் யாரோ ஒருவர் நூலைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறார். அவசரத்தில் பை நழுவினால் விழுவது கேட்டவர் மடியில் இல்லை, பெரும்பாலும் கீழே உட்கார்ந்திருக்கிற குழந்தை மேல், அல்லது நகர முடியாத நோயாளி மேல். அந்தக் குழந்தை ஆத்தாமல் வேண்டும் என்று கேட்கவில்லை. வாடிக்கையாளரின் விருப்பம் என்று நாம் பெரிதாகச் சொல்வது அவருடைய வாயோடு முடிகிற சமாச்சாரம். பையில் கட்டிய டீ அவர் வாயைத் தாண்டி நாலு பேரைக் கடந்து போகிறது. பைக் டேங்க் மேல் பிள்ளையை உட்கார வைத்து, ஹேண்டில்பாரில் பார்சலை மாட்டிக்கொண்டு போகிற அப்பாவையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே இங்கே மாஸ்டர் மறுக்கலாம், மறுக்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில், ராத்திரி முழுக்கத் தூங்காத ஒருவரிடம் "கவர்ல தர மாட்டேன்" என்று எப்படிச் சொல்வது? அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொள்கை பேச முடியாது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் ப்ளாஸ்டிக் பொருட்கள் 14 வகை தடை செய்யப்பட்டன. பைகள், கப்புகள், ப்ளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப் வரை அந்தப் பட்டியலில் இருந்தன. சுற்றுச்சூழலுக்காகப் போட்ட தடை அது, வெந்த தோலுக்காக அல்ல. எவ்வளவு நாள் நிற்கும் என்று அப்போதே சிரித்தவர்கள் உண்டு, பைகள் திரும்பி வந்ததும் உண்மை. ஆனால் அந்தத் தடை கடையில் நிற்கிற பையனுக்கு ஒரு வாக்கியத்தைக் கொடுத்தது. "ஃபைன் போட்டுருவாங்கண்ணே." தன் பெயரில் மறுக்க முடியாதவர் அரசாங்கத்தின் பெயரில் மறுக்கலாம். வாடிக்கையாளரும் முகம் சுளிக்காமல் தூக்குச்சட்டிக்குப் போய்விடுவார், கோபம் கார்ப்பரேசன் மேல் திரும்பிவிடும். சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் தண்டனையைப் பற்றியே பேசுகிறோம். பலம் இல்லாதவருக்கு அது ஒரு சாக்காக உதவுவதை நான் டீக்கடையில்தான் கவனித்தேன்.

*

அமெரிக்காவில் நடந்த ஒரு காபி வழக்கை நகைச்சுவையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காபியைத் தானே கொட்டிக்கொண்டு கோடீஸ்வரியான பாட்டி. பாட்டியின் பெயர் ஸ்டெல்லா லீபெக். வயது 79. 1992 பிப்ரவரியில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க் நகரத்தில், பேரன் ஓட்டிய காரில் பக்கத்து சீட்டில் இருந்தார். மெக்டொனால்ட்ஸில் 49 சென்ட் காபி வாங்கி, காரை நிறுத்திவிட்டு, சக்கரை போட மூடியைத் திறந்தபோது கப் மடியில் கவிழ்ந்தது. உடம்பில் 16 சதவீதம் வெந்தது, அதில் 6 சதவீதம் மூன்றாம் நிலைப் புண். எட்டு நாள் ஆஸ்பத்திரி, தோல் ஒட்டுச் சிகிச்சை. அவர் கேட்டது ஏறக்குறைய 20,000 டாலர். கம்பெனி தருவதாகச் சொன்னது 800.

வழக்கு 1994ல் ஜூரிக்கு முன் வந்தது. காபியை 82லிருந்து 88 டிகிரி வரை சூட்டில் வைக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. பத்து ஆண்டுகளில் எழுநூறுக்கு மேற்பட்ட சூட்டுப் புகார்கள் அவர்களிடம் ஏற்கனவே இருந்தன. வாடிக்கையாளர்கள் வாங்கிக்கொண்டு ஆபீசுக்கோ வீட்டுக்கோ போய்க் குடிக்கிறார்கள், அதனால்தான் இந்தச் சூடு என்றார்கள். பனகல் சாலைத் துணையாட்கள் சொல்கிற அதே காரணம். ஆனால் பலரும் வண்டியிலேயே குடிக்கிறார்கள் என்று கம்பெனியின் சொந்த ஆய்வே காட்டியிருந்தது. ஜூரி பாட்டி மேல் 20 சதவீதத் தவறு வைத்தது, கம்பெனி மேல் 80. தண்டனைத் தொகையாக 27 லட்சம் டாலர் விதித்தது, கம்பெனியின் இரண்டு நாள் காபி விற்பனை அது. நீதிபதி மொத்தத்தை 6,40,000 டாலராகக் குறைத்தார். கடைசியில் இரு தரப்பும் வெளியே சமரசம் செய்துகொண்டார்கள். இவ்வளவு இருந்தும் நமக்கு வந்து சேர்ந்தது சிரிப்பு மட்டும்தான்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, நூறு சதவீதத்தையும் பங்கிட்டபோது ஜன்னல் வழியே கப்பை நீட்டிய ஊழியருக்கு ஒரு சதவீதம்கூட வைக்கப்படவில்லை என்பது. சரியாகத்தான் செய்தார்கள். சூட்டை முடிவு செய்தவர் அவர் இல்லை. அவருக்குச் சூட்டைக் குறைக்க அதிகாரமும் கிடையாது, குறைத்திருந்தால் வேலை போயிருக்கும். முடிவு கையேட்டில் இருந்தது, பொறுப்பும் கையேடு எழுதியவரிடம் போனது.

மதுரை டீக்கடையில் கையேடு இல்லை. மாஸ்டர்தான் கையேடு என்று பெருமையாகச் சொல்லலாம், ஆனால் கல்லாவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தினக்கூலிக்கு நிற்கிற மாஸ்டர் ஒரு வாடிக்கையாளரை மறுத்து அவர் எதிர்க் கடைக்குப் போய்விட்டால், அன்று ராத்திரி கணக்கு முடிக்கும்போது அது பேச்சாகும். மாஸ்டராவது கைத்தொழில் தெரிந்தவர், நாளைக்கே வேறு கடையில் நிற்பார். கம்பி ஸ்டாண்டில் எட்டு கிளாசை மாட்டிக்கொண்டு மாசி வீதிக் கடைகளுக்கு ஓடுகிற பையனுக்கு என்ன பலம்? "வர்றதுக்குள்ள ஆறிப்போச்சு, என்னடா பய நீ" என்று நாலு கடையில் ஏச்சு வாங்கினால் அவன் வேகமாக ஓடுவான், ஸ்டாண்டு ஆடும், டீ அவன் காலில் சிந்தும். டீக்கடைகளில் 14 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2006 அக்டோபர் 10 முதல் தடை இருக்கிறது. பதினைந்து வயதுக் காலும் சுடத்தான் செய்யும். சூட்டினால் வரும் ஆபத்து என்றதும் நாம் குடிக்கிறவரையே நினைக்கிறோம். அதிகமாகச் சூடு வாங்குகிறவர் பாய்லர் பக்கம் நிற்கிறவர். எந்த மாஸ்டரின் முன்கையையும் பாருங்கள். பழைய தழும்பு, புதிய தழும்பு, அதன் மேல் விபூதியோ மஞ்சளோ. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பாய்லர் முன்னால் அந்த நாற்காலியை எங்கே போடுவது என்று தெரியவில்லை.

ஏசி போட்ட புதிய காபிக் கடைகளில் நிலைமை வேறு மாதிரி. அங்கே பால் சூடாக்கும் கருவியோடு தெர்மாமீட்டரும் இருக்கும், 60 - 65 டிகிரியில் நிறுத்த வேண்டும், அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பு கெடும் என்று பயிற்சி கொடுத்திருப்பார்கள். ஆனால் போன் வழியே வருகிற ஆர்டரில் 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று ஒரு வரி எழுத இடமும் இருக்கும். எழுதியவரின் முகம் தெரியாது, "பாத்துண்ணே" என்று சொல்ல வழியில்லை. அதை முதுகுப் பையில் வைத்து ஓட்டிப் போகிறவர் இன்னொருவர். மறுத்தால் ஒரு நட்சத்திரம் குறையும். டீக்கடை மாஸ்டரின் கல்லாக்காரராவது கண்ணுக்குத் தெரிகிற ஆள்.

*

ஊழியர்களுக்கு மறுக்கும் உரிமை கொடுங்கள் என்று சுலபமாக முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மதுரையைச் சுற்றி அது சுலபமில்லை.

டீக்கடையில் மறுப்பது என்பதற்கு இந்த மண்ணில் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஊருக்கு ஒரு கிளாஸ், சேரிக்கு ஒரு கிளாஸ். சிலருக்குச் சிரட்டை. சிலருக்கு வெளியே நின்று, தூக்கி ஊற்ற. இரட்டைக் குவளை முறையை மதுரையிலிருந்து இயங்கும் எவிடென்ஸ் அமைப்பும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் ஊர் ஊராக ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். பல இடங்களில் பேப்பர் கப் வந்த பிறகு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. தெரியாமல் போனது ஒழிந்துபோனதாகுமா என்பது தனிக் கட்டுரைக்கான கேள்வி. அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. 1955ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் கடைக்குள் விட மறுப்பதைக் குற்றமாக்கியதற்கும் காரணம் இருக்கிறது. 'கேட்டதைக் கொடு' என்பது இங்கே வாடிக்கையாளரின் திமிர் மட்டுமல்ல, போராடி வாங்கிய உரிமையும்கூட. 'உனக்கு இது கிடையாது' என்ற வாக்கியத்தைப் பரம்பரையாகக் கேட்டவர் ஒருவரிடம் மாஸ்டர் "உங்களுக்கு ஆத்தித்தான் தருவேன்" என்றால், சொன்ன அர்த்தத்தில்தான் அது கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே மறுப்பு ஆளைப் பார்த்து வரக் கூடாது. பொருளைப் பார்த்து வர வேண்டும். சூடானதைப் பையில் கட்டுவதில்லை என்றால் யார் வந்தாலும் கட்டக் கூடாது, கவுன்சிலர் ஆள் அனுப்பினாலும் கட்டக் கூடாது. அதற்கு, முடிவு மாஸ்டரின் நாக்கில் இருக்கக் கூடாது, போர்டில் இருக்க வேண்டும். 'கடன் அன்பை முறிக்கும்' என்று எழுதி மாட்டத் தெரிந்த முதலாளிக்கு இதையும் எழுதி மாட்டுவது கஷ்டமில்லை. அவர் எழுதாதவரை, ஆபத்தான ஒரு கோரிக்கையைச் சமாளிக்கிற பாரம் முழுக்கக் கடையிலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவர் தலையில் விழுகிறது. அவர் கொடுத்துவிட்டால் மனசாட்சி இல்லாதவர், மறுத்துவிட்டால் மரியாதை தெரியாதவர்.

ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடை ஒன்றில் நான் பார்த்த ஏற்பாடு கொஞ்சம் வித்தியாசமானது. நாலைந்து பழைய பிளாஸ்க்குகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கவரில் கேட்டு வந்த ஒரு பெரியம்மாவிடம் மாஸ்டர் முடியாது என்றெல்லாம் சொல்லவில்லை. "யாருக்கும்மா, வார்டுக்கா? கூட சின்னப் புள்ளைக இருக்கா?" என்றுதான் கேட்டார். பேரன் இருக்கிறான் என்றார் பெரியம்மா. "அப்ப நூறு ரூவா குடுத்துட்டு பிளாஸ்க்க எடுத்துட்டுப் போங்க. திருப்பிக் கொண்டாந்து வச்சா ரூவாய வாங்கிக்கங்க. டீ சாயங்காலம் வரைக்கும் சூடு இருக்கும்."

பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். எண்பது ரூபாய்தான் இருந்தது. மாஸ்டர் கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். கல்லாவில் இருந்தவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அத வாங்கிட்டுக் குடுப்பா" என்றார்.